கருப்பு மை வராத முகம்

நடந்தது நடந்ததுதான். அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் கடைப் பரண்மேல் சுருட்டிக் கிடக்கிறது. கதை கட்டிச் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் ஏழே முக்காலிலிருந்து எட்டு பதிமூன்று வரை நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

என் பெயர் மைதிலி. பரமத்தி வேலூரில் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பேன். என் வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரன் ரிக் வண்டியில் டிரில்லர். அப்போது சத்தீஸ்கரில் போர்வெல் போடப் போயிருந்தார்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சாவு பேனரை யாரும் ஒவ்வொரு தடவையும் புதிதாக டிசைன் செய்வதில்லை. ஒரு ஃபைல் தயாராக இருக்கும். படம், பெயர், தேதி மூன்றையும் மாற்றினால் வேலை முடிந்தது. நான் அந்த ஃபைலைச் செய்த அன்று, வட்டத்துக்குள் அளவு பார்க்க ஏதாவது ஒரு முகம் வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்தது என் வீட்டுக்காரர் போட்டோ. அதை அப்படியே விட்டுவிட்டேன். மூன்று வருடமாக ஊரில் யார் செத்தாலும், அவர் முகத்தை எடுத்துவிட்டுத்தான் செத்தவர் முகத்தை வைத்தேன்.

"என்னைய எத்தன தடவ சாவடிப்ப புள்ள? அந்தப் போட்டோவ மாத்து" என்று சிரிப்பார்.

"நாளைக்கு மாத்தறனுங்க" என்பேன். எத்தனையோ நாளை வந்து போனது. சோம்பேறிக் கழுதை, மாற்றவில்லை.

அன்று 7:45க்கு மோகன்குமார் என்று ஒருவர் வந்தார். அவர் அப்பா நாச்சிமுத்து அன்று மதியம் இறந்திருந்தார். ஆறுக்கு எட்டு பேனர் ஒன்று கேட்டார்.

"காலைல எடுக்கறோமுங்க. ஒம்பதுக்குள்ள குடுத்தீங்கன்னா ராத்திரியே கட்டிப்போடுவோம்."

"எட்டரைக்கு வாங்க, ரெடியா இருக்கும்."

அவர் மாலை வாங்கப் போனார். நான் ஃபைலைத் திறந்து நாச்சிமுத்துவின் படத்தை வைத்தேன். நரைத்த முடி, நெற்றி நிறையத் திருநீறு. கீழே பெயர். அதற்கும் கீழே தோற்றம், மறைவு. மறைவுக்கு அன்றைய தேதியை அடித்தேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். 7:58க்கு பிரிண்ட் கொடுத்தேன்.

இந்த மெஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பின்னால் ஃப்ளெக்ஸ் ரோல் மாட்டியிருக்கும். பக்கத்தில் நான்கு பாட்டில் மை: நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு. மெல்லிய பைப் வழியாக மை, அச்சடிக்கிற ஹெட்டுக்கு ஏறும். ஹெட் இடதும் வலதுமாக ஓடி ஓடி அடிக்கும். சரக்... சரக்... படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரும். முதலில் தலைப்பு, பிறகு முகம், கடைசியில் பெயரும் தேதியும்.

8:03. தலைப்பு முடிந்து தலைமுடி வர ஆரம்பித்தது. கருகருவென்று வந்தது.

நாச்சிமுத்துவுக்கு நரைமுடி. கம்ப்யூட்டரைப் பார்த்தேன். நரைமுடிதான் இருந்தது. திரும்பி மெஷினைப் பார்த்தேன். கருப்பு முடி. திருநீறு இல்லாத நெற்றி.

அடுத்து இடது புருவம் வந்தது. நடுவில் ஒரு வெட்டு. ரிக் வண்டியில் செயின் அடித்த தழும்பு அது. எனக்குத் தெரியாதா?

பழைய ஃபைல் பிரிண்டுக்குப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சிவப்பு பட்டனை அழுத்தினேன். நிற்கவில்லை.

சரக்... சரக்...

மெயின் சுவிட்சை இறக்கினேன். யூபிஎஸ் ஒயரையும் பிடுங்கினேன். லைட் போனது. ஏசி நின்றது. கடையே இருட்டு.

சரக்... சரக்...

8:05. செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டே என் வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

முகத்துக்குக் கீழே என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இன்றைய தேதி. நானே அடித்தது.

அது வரக்கூடாது... எப்படியாவது வரக்கூடாது...

ஃப்ளெக்ஸ் கையால் கிழியாது. உள்ளே நூல் வலை இருக்கிறது. கட்டரை எடுத்தேன். அவர் நெற்றிமேல் கத்தி வைக்க மனசு வரவில்லை. அழுதேன். "சாமி, அவர உட்டுரு" என்று கத்தினேன்.

அப்போதுதான் தோன்றியது. எழுத்து முழுக்கக் கருப்பு மை.

ஹெட் வலது ஓரத்துக்கு வந்தது. கருப்பு பைப்பைப் பிடித்து, ஹெட்டுக்குப் பக்கத்திலேயே அறுத்தேன்.

மை கையெல்லாம் வழிந்தது. சுடுகிற மாதிரி இருந்தது.

சரக்... சரக்...

கண்கள் வந்தன. கருவிழி இல்லை. வெளுத்துப்போன இரண்டு கண்கள்.

மூக்கு... வாய்... கழுத்து...

பெயர் வரவேண்டிய இடம். வெள்ளை.

தேதி வரவேண்டிய இடம். வெள்ளை.

8:13. மெஷின் நின்றது.

8:21. போன் அடித்தது. அவர்தான்.

"மைதிலி... எல்லாம் வெள்ளையா இருக்குது புள்ள. ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

எட்டரைக்கு மோகன்குமார் வந்தார். டார்ச் வெளிச்சத்தில் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். "யாருங்க இது? எங்கப்பா இல்லீங்களே" என்றார். அப்படியென்றால் அது என் கண்ணுக்கு மட்டும் தெரிந்த முகம் இல்லை.

நான்காம் நாள் என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்தார்கள். சேலத்தில் பார்த்தோம், கோயம்புத்தூரில் பார்த்தோம். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார்கள். அவருக்கு இருட்டு தெரிவதில்லை. பகலும் இரவும் வெள்ளைதான்.

கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். எட்டு பதிமூன்றுக்கு இரும்புப் பைப் ஒன்று கொக்கியிலிருந்து கழன்று விழுந்ததாம். அவர் எப்போதும் நிற்கிற இடத்தில். கண் தெரியாமல் தடுமாறி அவர் நான்கடி தள்ளிப் போயிருந்தார். இல்லாவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

போன வாரம்தான் அவர் இதையும் சொன்னார்.

"அந்தக் காட்டுக்குள்ள, திடீர்னு உன்ற கடை மை வாசம் அடிச்சுது புள்ள. ஆரோ கண்ணுக்கிட்டக் கத்தியக் கொண்டாந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் சுடச்சுட என்னமோ வழிஞ்சுது. ஆரா இருக்கும்?"

நான்தான் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. இதை அவரால் படிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.