இடப்பக்கக் கீழ் மூலை

ஹாரன் அக்கா என்றால் அந்த வட்டாரத்தில் பால்பல் விழாத குழந்தைக்கும் தெரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பூனை குறுக்கே வந்தாலும் ஹாரன், வராவிட்டாலும் ஹாரன். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அதைச் சொல்லிக் காட்டாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பள்ளி விடும்வரை காத்துக் கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், ஊர்வம்பு அளப்பார்கள். இவள் படம் போடுவாள். படம் என்றால் மயிலும் மாளிகையும் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய காலண்டர் தாளைத் திருப்பி மடியில் விரிப்பாள். நடுவில் ஒரு புள்ளி வைத்து, கண்ணை அதிலேயே நிறுத்தி, மனசு கேட்கிற நிறத்தை விரலால் அப்புவாள். சந்தோஷம் என்றால் மஞ்சள் தறிகெட்டு ஓடும். வீட்டில் சண்டை என்றால் சிவப்பு.

சண்டைக்கு ஆள் வேண்டுமே, அது கணவர். குழாய் ரிப்பேர்காரர். "மெயின் பைப் உடைஞ்ச மாதிரி இருக்கு" என்று கேலி செய்துகொண்டே ஒவ்வொன்றையும் கூடத்துச் சுவரில் ஒட்டிவைப்பார்.

கொஞ்ச காலமாகப் படங்களில் கருநீலம் மட்டும்தான். ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை. வண்டியை இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் யாரோ நிற்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. கணவரிடம் சொன்னதற்கு, "உன் ஹாரனுக்குப் பேயே ஓடிடும், போ" என்றார். பிறகு ஒரு படத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"இந்தக் கீழ் மூலையை மட்டும் ஏன் வெறுமனே விட்டிருக்க? பெயின்ட் தீந்துபோச்சா?"

"அது அப்படித்தான் வந்துச்சு. உங்க வேலையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தாள். ஆனால் விட்டதாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

மறுநாள் சாயங்காலம் கடைசிப் பிள்ளையைச் சந்து முனையில் இறக்கிவிட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள், முன்னால் பார்த்தாள். பாதை காலி. ஹாரன் அடித்து, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள். வீட்டு வாசலில் நின்ற அந்தப் பிள்ளையின் அம்மா வீறிட்டாள். இவள் பிரேக்கை மிதித்து, குதித்து இறங்கி ஓடினாள்.

வண்டிக்கு முன்னால், இடப்பக்கம், ஒரு சாண் தள்ளி, இறக்கிவிட்ட சிறுமியே நின்றிருந்தாள். கையில் தண்ணீர் பாட்டில்.

"பாட்டில் உருண்டு போச்சு அக்கா, எடுக்க வந்தேன். நிறுத்துங்கன்னு கையைக்கூட ஆட்டினேனே. நீங்க என்னைப் பாத்துக்கிட்டேதானே வந்தீங்க?"

ஹாரன் அக்கா சிறுமியை அவள் அம்மாவிடம் ஒப்படைத்தாள். காலியாக இருந்த வண்டியை ஊர்ந்து ஊர்ந்து வீடு சேர்த்தாள். நேரே கூடத்துச் சுவர்முன் போய் நின்றாள். கருநீலப் படங்கள் எல்லாவற்றிலும் அதே இடப்பக்கக் கீழ் மூலை வெறுமையாக இருந்தது. தினமும் கண்முன்னால் தொங்கியவைதான்.

ஒன்றைப் பிய்த்து எடுத்துத் தலைகீழாக மேசையில் வைத்தாள். வெறும் மூலை இப்போது வலப்பக்கம் மேலே போய்விட்டது. பழைய நீலம் தெரியாதபடி தாள் முழுக்க வெள்ளை பூசிக் காயவிட்டாள். நடுப்புள்ளியைப் பார்த்தபடி, மிச்சமிருந்த நீலத்தையெல்லாம் இண்டு இடுக்கு விடாமல் அப்பினாள்.

"இப்ப பாருங்க, முழுசா பூசிட்டேன்ல?"

கணவர் சிரிக்கவில்லை. இடப்பக்கக் கீழ் மூலை வெள்ளையாகவே கிடந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அங்க இங்க பாக்காத. என் மூக்கையே பாரு. எத்தனை விரல்னு சொல்லு."

"முதல்ல கையை நீட்டுங்க."

"நீட்டிக்கிட்டுத்தாம்மா இருக்கேன், உன் இடப்பக்கம், கீழே."

அவள் வேன் சாவியை அவர் மடியில் போட்டாள்.

"இத்தனை நாளா பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு எப்படிங்க ஓட்டினேன்?"