ராஜாம்பாள் வாயால் வந்த உத்தரவு

அந்த மாசம் என்னிடம் யாருமே முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நடக்கிற இந்த யுத்தத்துக்குச் சில வருஷம் முன்னால் நடந்தது. திருச்சியில் ஒரு நாடகக் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்குக் கதாநாயகி வேஷம் கட்டிக்கொண்டிருந்தேன். தென்னூரில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில்தான். அதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னேன். அவ்வளவுதான்.

முதலாளி எல்லார் முன்னாலும் சிரித்தார். "கூத்தாடி கையால பிள்ளை பெத்துக்க எவ வருவா? சீக்கிரமே என் வாசல்ல வந்து நிப்பே, பாரு" என்றார். அம்மா எனக்குச் சோறு போடுவதை நிறுத்தினாள். "எங்களைப் பட்டினி போடப் போறே. நீ முதல்ல பழகிக்கோ" என்றாள். ஆஸ்பத்திரிப் பெரிய நர்சம்மா என்னை நிற்க வைத்தே பேசினார். "இங்க பவுடர் பூச முடியாது. மலஜலம் அள்ளணும். யோசிச்சிட்டு வா."

எனக்கு ஏன் இந்த எண்ணம்? லால்குடியில் நாடகம் போட்டபோது, எங்கள் கம்பெனி ராஜாம்பாளின் தங்கை பிரசவத்தில் என் கண் முன்னாலேயே செத்துப்போனாள். எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அதற்கப்புறம் மேடையில் பொய்யாக அழ வரவில்லை.

ராஜாம்பாளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவளுக்கு வரவேண்டிய வேஷம் எனக்கு வந்ததிலிருந்து பகை. என் முகப்பூச்சில் மிளகாய்த்தூள் கலந்தவள் அவள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீரங்கம் போய்த் தாயார் சன்னிதியில் நின்றேன். கும்பிட வரவில்லை. கோபம்தான் வந்தது. "இந்த எண்ணத்தை நீதானே கொடுத்தே? ஒரே ஒரு வாய் என்னைப் போன்னு சொல்லட்டும். இல்லேன்னா நாளைக்கே வேஷம் கட்டிடறேன்" என்று சண்டை போட்டேன்.

வெளியே வந்தால் எதிரே ராஜாம்பாள். ஒதுங்கப் பார்த்தேன். முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ திரும்பி வந்துடுவேன்னு முதலாளி எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கார். வரப்போறியா?"

"வந்தா உனக்கென்ன?"

"வந்தே, காலை முறிப்பேன். உன்மேல எனக்குப் பாசம் ஒண்ணும் கிடையாது. நீ விட்டுட்டுப் போற வேஷமும் எனக்கு வேணும். ஆனா என் தங்கச்சி கிடந்தப்ப எல்லாரும் வெளியே நின்னாங்க. நீ ஒருத்திதான் உள்ள இருந்தே. போய்க் கத்துக்கடி. இன்னொருத்தி அப்படிச் சாகக் கூடாது. போ!"

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நான் கேட்டது ஒரு வார்த்தை. தாயார் அதை யார் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் பாருங்கள்!

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், "யோசிச்சிட்டேன்" என்றேன். நர்சம்மா துடைப்பத்தை நீட்டினார். கூடப் படித்தவர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள். அழுதுகொண்டேதான் படித்தேன். ஆனால் திரும்பிப் போய்விடலாம் என்ற நினைப்பு மட்டும் வரவேயில்லை. அந்தத் திடம் தாயார் போட்ட பிச்சை.

இன்று உறையூரிலிருந்தும் வண்டி அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். வாசலில் முகம் சுளிப்பவர்கள் இப்போதும் உண்டு. உள்ளே வலியில் கிடப்பவள் நான் யார், எந்தக் கம்பெனி என்று கேட்பதில்லை. அம்மாவுக்கு இன்னும் முழுச் சமாதானம் இல்லை. ஆனாலும் ஆள் வந்து கூப்பிட்டால் என் பையை எடுத்து வைப்பவள் அவள்தான்.

உங்களில் யாராவது இப்படித் தவித்து நின்றால், தாயாரிடம் போய்க் கேளுங்கள். பணிவாகக் கேட்க வரவில்லையென்றால் சண்டை போட்டாவது கேளுங்கள். பதில் சொல்லுவாள். அது சிரித்த முகத்தோடுதான் வரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.