பெயர் சொன்னால் காட்டும் தொலைநோக்கி

வேலணையில் நான் பூசை செய்கிற கோயில் சின்னது. உதவிக்கு ஆள் இல்லை. விடிய நாலு மணிக்கு எழும்பி, கிணற்றடியில் குளித்து, பூ ஆய்ந்து, நைவேத்தியத்துக்கு உலை வைத்துக் கதவு திறந்தேன் என்றால், பகல் பூசை முடிந்து கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருக ஒரு மணியாகிவிடும். பின்னேரம் நாலரைக்குத் திரும்பவும் திறக்க வேண்டும். இடையில் கிடைக்கும் மூன்றரை மணித்தியாலம்தான் எனக்கென்று மிஞ்சுவது. மற்ற நாட்களில் அதை நித்திரை கொண்டே கழித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நானும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் மண்கும்பானுக்குப் போவோம், விளையாடுவதற்கு.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் என்னோடு ஒரே வகுப்பில் படித்த நண்பர். கொழும்பில் கணினி வேலை பார்த்தவர், இப்போது அதே வேலையை மண்கும்பான் வீட்டிலிருந்து செய்கிறார். அவருடைய மனைவி ஆங்கில ரீச்சர். மேசையைச் சுற்றி நாலு கதிரை. ஒருவர் கதை சொல்ல, மற்ற மூவரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். ரீச்சர் வில்லாளி, நண்பர் மந்திரவாதி, என் மனைவி எந்தப் பூட்டையும் திறக்கிற கள்ளி. "முன்னால் ஓர் ஆறு" என்று கதை சொல்பவர் சொன்னால், என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். முடியுமா, முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்போம். கதை சொல்வது நான். மந்திரம் சொல்கிற வாய்க்கு இதுதான் பொருத்தம் என்று நண்பர் முதல் நாளே தீர்த்துவிட்டார்.

கதைக்கு மந்திரப் பொருட்கள் வேண்டும். சொந்தமாக யோசிக்கத் தெம்பில்லாமல் அவற்றைப் படங்களிலிருந்து எடுத்தேன். நண்பர் ஒரு பென்டிரைவ் நிறைய மாயாஜாலப் படங்கள் தந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் சரிந்து அரை நித்திரையில் பார்ப்பேன். கதை மறந்துபோகும், பொருள் மட்டும் நினைவில் நிற்கும். அணையாத விளக்கு, மழையில் நனையாத போர்வை, எந்தச் சுவரிலும் கதவு வரைகிற சோக்கட்டி. எழும்பி, வீட்டில் குவிந்து கிடக்கும் கலியாண அழைப்பிதழ்களை அட்டை அட்டையாக வெட்டி, அவற்றின் வெறும் பக்கத்தில் எழுதுவேன்.

படத்தில் வருகிற பொருளுக்கு விதி தேவையில்லை. வேண்டிய நேரத்தில் விளக்கு எரியும், வேண்டாத நேரத்தில் யாருக்கும் அதன் ஞாபகமே வராது. மேசையில் அது சரிவராது. அட்டையைக் கையில் வாங்கியவுடனேயே நண்பர் தொடங்கிவிடுவார்.

"ஐயர், இது ஒரு நாளைக்கு எத்தினை தரம்? தண்ணிக்குள்ளையும் எரியுமோ? வேறை ஆள் பறிச்சுக்கொண்டு போனால்?"

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வேலை எனக்குப் புதிதில்லை. எதை யார் தொடலாம், எப்போது தொடலாம், தொடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதோடுதான் என் நாள் முழுவதும் போகிறது. ஆனால் கோயிலில் அந்த விதிகளை யாரோ எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். இங்கே நானே எழுத வேண்டியிருந்தது.

தொலைநோக்கி வந்தது ஒரு பங்குனி மாதத்தில். ஒரு படத்தில் கப்பல் தலைவி ஒருத்தி பித்தளைத் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து ஒரு பெயரைச் சொல்வாள். அந்த ஆள் எந்தக் கடலுக்கு அப்பால் இருந்தாலும் தெரிவான். நான் எழுதினேன்: "பெயர் சொன்ன ஆளைக் காட்டும். கிழமைக்கு ஒரு தரம்." சண்டையொன்றின் முடிவில் அது ரீச்சரின் வில்லாளிக்குக் கிடைத்தது.

நண்பர் எட்டி வாசித்தார். "செத்த ஆளின்ரை பேரைச் சொன்னால்?"

வெக்கையில் எனக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. "காட்டாது. இருட்டாத் தெரியும்" என்றேன்.

"எழுதும், எழுதும். பிறகு மாத்திப்போடுவீர்."

எழுதினேன். "உயிரோடு இல்லாதவரைக் காட்டாது." ரீச்சர் அட்டையை வாங்கித் தன் தாள்களுக்கு அடியில் வைத்தார்.

ரீச்சருக்கு ஓர் அண்ணன். யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் ரீச்சர் கோயிலுக்கு வந்து அவருடைய பெயரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனை செய்விப்பார். அருச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்கு, இறந்தவர்களுக்குத் திதி. இப்படிப் பெயர் தருகிறவர்கள் எங்கள் கோயிலிலேயே இன்னும் சிலர் இருக்கிறார்கள். நான் பூசைக்கு வந்த புதிதில், ஒரு தாய் அழுத அழுகை பொறுக்காமல், "வருவார் அம்மா" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் ஒவ்வொரு கிழமையும் "ஐயா, நீங்கள் சொன்னியள்" என்றுதான் தொடங்குவார். நடக்க முடியாமல் போகும்வரை அப்படித்தான் வந்தார். அதிலிருந்து நான் யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. பெயரைக் கேட்பேன், மந்திரத்தில் சேர்ப்பேன், வீபூதி கொடுப்பேன்.

தொலைநோக்கி கிடைத்து மூன்றாவது ஞாயிறு. கதையில் அவர்கள் ஒரு மலைக்கோட்டைக்கு வெளியே பதுங்கியிருந்தார்கள். எதிரித் தலைவன் கோட்டையில் எங்கே இருக்கிறான் என்று அறிய வேண்டும்.

"நான் தொலைநோக்கியை எடுக்கிறன்" என்றார் ரீச்சர்.

"சரி. ஆரின்ரை பேர்?"

"என்ரை அண்ணாவின்ரை."

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தோ என்னவோ, வில்லாளியைப் பற்றிய தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். விளையாடத் தொடங்கிய நாளிலேயே, குடும்பம் என்ற இடத்தில் எழுதியிருந்தார்: "அண்ணன் ஒருவர். போரில் காணாமல் போனவர்." நான் அதை அன்றைக்கு வாசித்திருந்தேன். வாசித்துவிட்டுக் கடந்து போயிருந்தேன்.

சாட்டிக் கடற்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகிற வான் ஒன்று பாட்டைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு றோட்டால் போனது. அந்த அண்ணன் நலமாக ஏதோவொரு கரையில் வலை இழுக்கிறார் என்று சொல்லலாம். இருட்டு என்றும் சொல்லலாம். இரண்டும் என் வாயில் தயாராக இருந்தன. இரண்டையும் சொல்லப் பயந்து பகடையைக் கையில் எடுத்தேன்.

ரீச்சர் கையை நீட்டி மறித்தார். "உருட்டாதேங்கோ ஐயா. கதை சொல்லுறது நீங்கள். உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

"எனக்குத் தெரியாது ரீச்சர்."

"கதையிலையுமோ?"

"ஓம். கதையிலையும் என்னாலை சொல்ல ஏலாது."

நண்பர் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினார். "நான்தான் அந்த விசர்க் கேள்வியைக் கேட்டனான்" என்று சொல்லிக்கொண்டே குசினிக்குள் போனார். கேத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. தேத்தண்ணி வந்து, பாதி குடித்து முடிந்த பிறகு ரீச்சர் சொன்னார்: "சரி, நான் இன்னும் கண்ணிலை வைக்கேல்லை. எதிரித் தலைவன்ரை பேரைச் சொல்லுறன்."

அவன் கோட்டையின் மேல்மாடியில் இருந்தான். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அன்று நேரத்தோடு முடித்துக்கொண்டோம்.

திரும்பி வருகிற வழியில் மனைவி பின்னாலிருந்து சொன்னார்: "ஒரு நல்ல சொல் சொல்லியிருக்கலாம்."

"அது ஒரு நாளோடை முடியாது. உமக்குத் தெரியும்தானே."



அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனவுடன் ரீச்சரிடம் அந்த அட்டையைக் கேட்டேன். அந்த வரியை வெட்டிவிடுகிறேன் என்றேன்.

"விடுங்கோ ஐயா, அதிலை பிழையில்லை" என்றார். "நான் உங்களைக் கேட்டதுதான் பிழை எண்டு நினைக்கிறியளோ?"

"இல்லை."

"நானும் நினைக்கேல்லை."

அதன் பிறகு அவருடைய வில்லாளி அந்தத் தொலைநோக்கியால் கள்வர் கூட்டத்தின் தலைவனைப் பார்த்தாள், ஓடிப்போன ஓர் அமைச்சரைப் பார்த்தாள். ஒருமுறை, தொலைந்துபோன கோவேறு கழுதையைப் பார்த்தாள். கழுதைக்குப் பெயர் உண்டா என்று நண்பர் சண்டை பிடித்தார். நான் உண்டு என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அருச்சனை முடிந்து மற்றவர்கள் போன பிறகும் ரீச்சர் வெளி மண்டபத்துத் தூணோடு நின்றார்.

"ஐயா, செத்த நாள் தெரியாட்டி திதி என்னெண்டு செய்யிறது?"

"அமாவாசையிலை செய்யலாம்" என்றேன். "ஆடி அமாவாசை நல்லது."

"ஓம்" என்றார். வாசல் பக்கம் திரும்பினார். "சும்மா கேட்டனான்."

ஆடி அமாவாசைக்கு விடியற்காலையிலிருந்து கடற்கரையில் நின்றேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்குவதும் ஏறுவதுமாக, வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகத் திதி செய்து கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் வரிசையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தேன். ரீச்சர் வரவில்லை. வந்திருந்தால் நல்லதா, வராதது நல்லதா என்று யோசிக்க எனக்கு அன்று தெம்பில்லை. வீட்டுக்கு வந்து ஈர வேட்டியோடேயே கதிரையில் இருந்து நித்திரையாகிவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறும் விளையாடினோம். அலுப்பில் நான் ஊர்ப் பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்ல, மனைவி திருத்திக்கொண்டிருந்தார். ரீச்சரின் வில்லாளி ஒரு மதில் ஏறினாள். பகடையில் மூன்று விழுந்தது. அவள் கால் தவறி அகழிக்குள் விழுந்தாள்.

"எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டு சுற்று விடவேணும் ரீச்சர்."

"சரி" என்று பகடையை என் மனைவியின் பக்கம் தள்ளிவிட்டு, கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நான் அகழிக்குள்ளையே கொஞ்சம் இருக்கிறன்."