முட்டைக்கு எழுதிய கண்ணீர் அஞ்சலி

காளவாசல் மண்டபத்தில் பள்ளி ஆலோசகர்களுக்குப் பயிற்சி. பிள்ளைகள் செல்போனில் ஒருவரையொருவர் கேலிசெய்து நோகடித்தால் எப்படிக் கையாள்வது என்று. புரொஜெக்டர் போடப் போயிருந்தேன். திரையில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது, முகத்தை மட்டும் மறைத்து. என் கைவண்ணம்தான். பத்தாவதில், உயிரோடிருந்த வகுப்புத் தோழனுக்குச் செய்து குரூப்பில் விட்டது. ‘சத்துணவு முட்டையை இனி யார் தின்பார்?’ என்ற வரிக்கு ஆலோசகர்களே சிரித்துவிட்டார்கள்.

“சிரிக்காதீங்க,” என்றார் பயிற்சி கொடுத்த டீச்சர். “நெசம்னு நம்பி அவங்கம்மா எழுமலையிலருந்து மார்ல அடிச்சுக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடியாந்தாங்க. அந்த அவமானத்துல பையன் படிப்ப விட்டுட்டான். எங்க இருக்கான்னு தெரிஞ்சா இப்பக்கூடப் பரீட்சை எழுத வச்சிருவேன்.”

எனக்குத் தெரியும். கப்பலூரில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்குகிறான். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

“தம்பி, அடுத்த படம் போடுப்பா.”

போட்டேன்.