சுரண்டி அடித்த சுண்ணாம்பு

ஆரணிக்குப் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள், பில் போட்டு முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இங்க பார்க்கிறதுக்கு என்ன சார் இருக்கு?" பல வருடமாகக் கடையில் புடவை விரித்துப் போடுகிறவன் நான். என் பதில் மாறியதே இல்லை. "வேலூருக்குப் போங்க, கோட்டையும் மியூசியமும் இருக்குது. திருவண்ணாமலைக்குப் போங்க, கோயில் இருக்குது. இங்க இன்னாங்க இருக்குது?" ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். வந்த விருந்தாளிக்கு அடுத்த ஊர் பஸ்ஸைக் காட்டிவிடுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

இந்தப் பதிலைக் கேட்டால் என் மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சரித்திரம் படித்தவள். பிறகு தொல்லியலில் டிப்ளமோ சேர்ந்தபோது, "பள்ளம் தோண்டவா பொண்ணைப் படிக்க வெக்கிறே?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன். படிப்பை முடித்துவிட்டுச் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி, அந்தப் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனியில் நாள் முழுக்கப் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய சத்திரம் உண்டு. தெருக்காரர்களின் பொதுச்சொத்து. சாவி என்னிடம்தான் இருக்கும். கூடத்தின் ஒரு சுவரில் குதிரைமேல் ஓர் ஆள் போகும் சித்திரம் பாதி அழிந்து இருந்தது. மற்ற மூன்று சுவர்களும் அடுப்புக்கரி ஏறிக் கறுத்துக் கிடந்தன. திருவிழாவுக்கு அங்கேதான் பல காலம் சமையல் நடந்தது. இப்போது பந்தல் தகரம் போட்டு வைக்கிறோம்.

லீவில் வந்தால் மகள் அங்கே புகுந்துகொள்வாள். அளப்பாள், படம் எடுப்பாள். சத்திரத்தைக் காப்பாற்றி ஒரு சின்ன மியூசியம் ஆக்க வேண்டும், புடவை எடுக்க வருகிறவர்கள் இங்கேயும் வந்து பார்க்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டாள். "அது மட்டும் வந்துட்சுன்னா நான் இங்கியே இருந்துடுவேன்பா. ஹாஸ்டல் சோறு பேஜாருப்பா" என்றாள். எனக்கு மியூசியமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மகள் வீட்டோடு வந்து சேர்ந்தால் போதும். அந்தச் சுவர்களைப் பற்றி அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நான் புடவை மடித்துக்கொண்டே "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தலையாட்டியிருக்கிறேன். என் காதில் விழுந்ததெல்லாம் குதிரை மட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை போன் வந்தது. "அப்பா, வெள்ளிக்கிழமை ரெண்டு ஆபீசருங்க சத்திரத்தைப் பாக்க வராங்க. நானும் கூடவே வரேன். உள்ள கெடக்கிற தகரத்தை மட்டும் எடுத்துடுங்க, அது போதும்." சந்தோஷத்தில் சொன்னதையே இரண்டு தடவை சொன்னாள்.

அது போதும் என்றாள். எங்களுக்குப் போதுமா? பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலே சுண்ணாம்பு அடிக்கிற தெரு எங்களுடையது. கரிச்சுவருக்கு முன்னால் ஆபீசரை நிற்க வைத்தால் நாளைக்கு யார் எங்களை மதிப்பார்கள்? அதிலும் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. சுவரை இரும்புத் தகட்டால் சுரண்டி, உதிர்வதெல்லாம் உதிர்ந்து, கழுவிக் காயவிட்ட பிறகுதான் அடிக்க வேண்டும். சுரண்டாமல் அடிப்பவனுக்குச் சோம்பேறி என்று பெயர்.

நான் முட்டாள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குதிரைமேல் ஒரு சொட்டும் தெறிக்கக் கூடாது என்று அந்தச் சுவர் முழுக்கத் தார்ப்பாய் கட்டினேன். மற்ற மூன்று சுவர்களில் வேலை ஆரம்பித்தது. சுண்ணாம்பு அடிக்க வந்தவர் பாதியில் கூப்பிட்டார். "அண்ணே, இங்க உள்ளங்கை அகலத்துக்கு யாரோ கரியைத் தொடச்சி வெச்சிருக்காங்க. கால் மாதிரி இன்னாவோ தெரியுது."

எட்டிப் பார்த்தேன். மங்கலாக ஒரு பாதம். பக்கத்தில் ராட்டைச் சக்கரம் போல ஒன்று. "பசங்க கிறுக்கினதா இருக்கும். ஜல்தியா சுரண்டுப்பா" என்றேன். அவர் தயங்கி நின்றதால் தகட்டை வாங்கி அந்த இடத்தை நானே சுரண்டினேன். சுண்ணாம்பில் நீலம் கலந்து இரண்டு தடவை அடித்தோம். கூடம் பளிச்சென்று ஆனது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

வெள்ளிக்கிழமை ஓர் அம்மாவும் ஓர் இளைஞரும் வந்தார்கள். என் மகள் அவர்களுக்கு முன்னால் ஓடி வந்து வாசற்படி ஏறினாள். ஏறியவள் அங்கேயே நின்றுவிட்டாள். நான் சோடா தட்டோடு சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா கையோடு கொண்டுவந்த ஃபைலைப் பிரித்துப் பார்த்தார். சுவர்களைப் பார்த்தார். பிறகு எனக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னார். குதிரைச் சித்திரம் பல சத்திரங்களில் இருக்கிறதாம். அவர்கள் வந்தது அதற்காக இல்லை. கரிக்கு அடியில், மூன்று சுவர்களிலும், நூல் சுற்றுவதிலிருந்து புடவையைச் சந்தைக்குத் தூக்கிப் போவது வரைக்கும் வரிசையாகச் சித்திரம் எழுதியிருக்கிறது என்று என் மகள் கண்டுபிடித்திருந்தாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, பஞ்சால் துடைத்துப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்.

சோடா தட்டைக் கீழே வைத்தேன்.

"பதறாதீங்க" என்றார் அந்த அம்மா. "சுண்ணாம்புக்கு அடியில சித்திரம் அப்படியே இருக்கும். மெதுவா எடுத்துடலாம். நிறைய இடத்துல எடுத்திருக்கோம்."

மகளின் முகத்தில் ரத்தம் திரும்பியது. என் பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, மேல அடிச்சீங்க, அவ்ளோதானே? சுரண்டலையே?"

வாழ்க்கையில் பொய் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அதுதான். ஆனால் சொல்லி என்ன பயன், சுவர் காட்டிக்கொடுத்துவிடும். "நல்லா சுரண்டிட்டுதாம்மா அடிச்சோம்" என்றேன்.

அந்த அம்மா ஃபைலை மூடினார். மரியாதைக்குக் குதிரையை இரண்டு படம் எடுத்தார்கள், சோடா குடித்தார்கள், தகவல் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. சொந்தச் செலவிலேயே சூனியம் வைத்துக்கொண்டவன் நான், யாரைக் கேட்பது?

அன்று சாயங்காலம் வீட்டில் மகள் என் விரல்களைப் பார்த்துவிட்டாள். சுண்ணாம்பை வெறுங்கையால் கலக்கியதில் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து ஒவ்வொரு விரலாகத் தடவினாள். "எரியுதாப்பா?" என்றாள். இல்லை என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போய்விட்டாள். பிறகு கம்பெனி ஹைதராபாத்துக்கு மாற்றியபோது சரி என்று போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள். சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஒரே ஒரு முறை அவள் என்னை வாய்விட்டுத் திட்டிவிட்டால் எனக்கு நிம்மதி. திட்ட மாட்டேன் என்கிறாள்.