மே மாத மத்தியானத் தூக்கம்

காலையில் பெரம்பலூரிலிருந்து வேலைக்கு பஸ் பிடிக்கும் அம்மாக்கள், குழந்தைகளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சின்னதுகளைச் சமாளித்துவிடலாம். மே மாத லீவில் வீட்டில் கிடக்கும் என் மகளைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. பத்தாவது எழுதி முடித்தவள். கையில் எந்நேரமும் போன், வாயில் "போரடிக்குதும்மா."

ஒருநாள் மத்தியானம் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"இதுங்க மூணையும் தூங்க வை. நான் போயி மாவு அரைச்சுட்டு வரேன்."

"தூளில போட்டு ஆட்டுனா தூங்கிடப் போவுது. இது ஒரு வேலையா?" என்றாள் அலட்சியமாக.

மில்லில் கரண்ட் போய், நான் திரும்பி வர நேரமாகிவிட்டது. வீட்டில் சத்தமே இல்லை. பரவாயில்லையே, பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்துப்போய் உள்ளே நுழைந்தேன்.

சீலிங் கொக்கியில் கட்டிய சேலைத் தூளி, பாரம் தாங்காமல் தரையை உரசிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டு நீளக் கால்கள் வெளியே தொங்கின. மூன்று வாண்டுகளும் சுற்றி நின்று மும்முரமாக ஆட்டிக்கொண்டிருந்தன.

"அடியேய்!" என்று நான் கத்தியதும், மூன்று வயதுக்காரி ஒருத்தி என்னைப் போலவே முறைத்து, உதட்டில் விரல் வைத்தாள்.

"கத்தாதீங்க ஆன்ட்டி. பாப்பா இப்பதான் தூங்குச்சு."