கிருத்திகையன்று குறைந்த காலர்கள்

திருத்தணிக்கு வெளியே ஒரு சட்டைத் தொழிற்சாலையில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம். காலர் தைக்கும் பெண்கள் நாளொன்றுக்கு எத்தனை தைக்கிறார்கள் என்று தனித்தனியாக எண்ணச் சொன்னேன். பயிற்சிக்கு வந்தவர்கள் ஆறு மாதத்தில் ஐந்து நாள் இலக்கைத் தவறவிட்டால் நிரந்தர வேலை கிடையாது. இந்த விதியும் என் மூளையில் உதித்ததுதான்.

கனகம்மாசத்திரத்திலிருந்து கம்பெனி வேனில் வரும் ஓர் அம்மா சரியாக ஐந்து நாள் தவறவிட்டிருந்தார். மற்ற நாட்களில் அந்த வரிசையிலேயே அவர்தான் முதல். தவறிய ஐந்து நாளும் கிருத்திகை. அதே நாட்களில், அவருக்கு இருபுறமும் உட்கார்ந்து தைக்கும் இரண்டு பெண்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. இருவரும் கிருத்திகை விரதக்காரர்கள். ஆக, விரதம் இருந்தால் வேலைத்திறன் கூடுகிறது என்று முடிவுகட்டிவிட்டேன். சிரிக்காதீர்கள், மேனேஜருக்குக் காட்ட வரைபடமெல்லாம் போட்டு வைத்திருந்தேன். அந்த அம்மாவை நிறுத்தும் கடிதமும் தயாராகிவிட்டது.

அதைக் கொடுப்பதற்குள் அடுத்த கிருத்திகை வந்தது. விரதக்காரர்களைப் போட்டோ எடுக்கலாமென்று தையல் கூடத்துக்குப் போனேன். அந்த அம்மா தான் தைத்த காலர்களில் பாதியை எடுத்து, இந்தப் பக்கத்து ட்ரேயில் கொஞ்சம், அந்தப் பக்கத்து ட்ரேயில் கொஞ்சம் என்று போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"இவங்க ரெண்டு பேரும் காலைலேந்து பச்சத் தண்ணி கூட குடிக்காம தச்சிகினு இருக்காங்க சார். எனக்கு அல்சரு. விரதம் இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாலு இட்லி துன்னுட்டு வந்து பாத்துகினு சும்மா இருக்க முடியுமா? எனக்கும் கொஞ்சம் புண்ணியம் வரட்டுமேன்னு போடறேன்."

"வேணான்னா கேக்க மாட்டேங்குது சார் இந்த அக்கா" என்றார் பக்கத்துப் பெண்.

"உங்க எண்ணிக்கை குறைஞ்சா வேலை போயிடும்னு தெரியாதா?"

"ஆங், தெரியும் சார். முருகன் பாத்துப்பாருன்னு வுட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நேராக மேனேஜரிடம் போய் என் வரைபடம் உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நல்லவேளை, கேன்டீன மூடச் சொல்லாம வுட்டியேய்யா" என்றவர், நான் எழுதிக் கொடுத்த நிரந்தரப் பணிக் கடிதத்தில் உடனே கையெழுத்துப் போட்டார். அன்று எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

அந்த அம்மா கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை.

"சார், அடுத்த கிருத்திகைக்கும் நான் போடுவேன். அப்ப இத திருப்பி வாங்கிக்குவீங்களா?"

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த என் விதியை அவர் பார்க்கும்படியே கிழித்துப் போட்டேன்.